நண்டுத்திட்டின் எட்டு மேடைகள்

வாழி! ஐயமெனும் அயில்வேல் ஏந்தி, அளவுநாடா எனும் அரவத்தை இடைக்கச்சில் சுருட்டி, ஆறு பைகள் வைத்துத் தைத்த அரைக்கால் சட்டையே கவசமாய்ப் பூண்டு, அகன்ற நெற்றியில் வியர்வையன்றி வேறொரு குறியும் தரியாத அண்ணல் பக்தவத்சலம் வாழி! பெயரிலே பக்தியையும் பேச்சிலே பகுத்தறிவையும் சுமந்து, பெற்றோர் இட்ட முன்னதை மாற்றாமலும், தானே ஈட்டிய பின்னதை விற்காமலும், ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நிமிர்ந்தே நடந்த பெருந்தகை வாழி! அணு ஆராய்ச்சி அலுவலகமொன்றில் அழுத்தமானிகள் உண்மைதான் உரைக்கின்றனவா என்று நாள்தோறும் குறுக்குவிசாரணை புரிவது அவர்தம் தொழில். கருவியையே நம்பாதவர் கதையையா நம்புவார்?

இனி அவர் பொருத களம் உரைப்போம். கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே, திருவிடந்தைக்கு மேற்கே, உப்பங்கழியின் நட்டநடுவே, உமரிச் செடியை ஆடையாகவும் வேலிக்கருவையை மணிமுடியாகவும் புனைந்து கிடக்கிறது நண்டுத்திட்டு எனும் சிறுதீவு. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் மாசித் திங்களில், ஞாயிற்றுக்கிழமைக் காலையொன்றில், முனிசாமியின் இயந்திரப் படகு மூன்று நடை அடிக்க, அத்தீவின்மீது இருபத்தேழு பேர் கொண்ட பெருஞ்சேனை இறங்கிற்று. பூங்கடல் அடுக்ககக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் சேனை அது. புளியோதரைப் பொட்டலங்கள் பின்னணிப் படையாய் வர, கயிறிழுக்கும் போட்டிக்குரிய நெடுவடம் நால்வர் தோளில் நாகமென நெளிந்து வர, அவர்கள் நாடி வந்தது ஒரு புதையல். மன்னர் புதைத்ததன்று, சங்கச் செயலாளர் கோதண்டராமன் முந்தைய நாள் மாலை வந்து தீவின் வடமுனையில் புதைத்துவிட்டுப் போன ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். அதற்கு வழிகாட்டும் புதிர்களை ஆறு சீட்டுகளில் எழுதி ஆங்காங்கே ஒளித்தவரும் அவரே.

கோதண்டராமன் யார் எனில், நம் நாயகனின் நெடும்பகைவர், நல்ல மனிதர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், எதையும் முன்மொழிந்து, வழிமொழிந்து, கையுயர்த்தி வாக்கெடுத்து, பதிவேட்டில் ஏற்றினால் அது உண்மையாகிவிடும் என்று உளமார நம்புபவர். தண்ணீர் லாரி எந்நாளில் வரவேண்டும் என்பதையும் வாக்கெடுத்தே முடிவு செய்யும் குடியினருக்கு அவர் இயல்பான தலைவர். கீழ்நிலைத் தொட்டியின் மூடி தென்மேற்கில் இருப்பது குடும்பங்களுக்கு ஆகாது என்று வாஸ்து நிபுணரொருவர் வாய்மலர்ந்தபோது, முப்பத்தொன்றுக்கு ஒன்று என்ற வாக்கில் மூடியை வடகிழக்குக்கு நாடுகடத்தினார்கள். அந்த ஒற்றைக் கை பக்தவத்சலனாருடையது. மூடி இடம் மாறியது. தண்ணீர் முன்பு எப்படி வரவில்லையோ அப்படியே இன்றும் வரவில்லை.

சேனை புதிர்களோடு பொருதுகொண்டிருக்க, நான்காம் சீட்டைத் தவறாகப் பொருள்கொண்டு வடக்குக்குப் பதில் தெற்கே போனாள் ஹரிப்ரியா என்னும் இளம் மென்பொருள் வல்லாள். முட்புதரை விலக்கினாள்; முழுக்குரலில் கூவினாள்:

"அங்கிள்! எல்லாரும் ஓடி வாங்க! கோயில் மாதிரி ஏதோ இருக்கு!"

ஓடினர். கண்டனர். எட்டு மேடைகள்! வட்ட மேடைகள்! வரிசைக்கு நான்காய் இரண்டு வரிசைகள், முழங்கால் உயரம், ஒவ்வொன்றின் நடுவிலும் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, பக்கமெல்லாம் சிப்பி படிந்து, மேலெல்லாம் ஏதோ ஒன்று வெயிலில் பளபளக்க, வேலிக்கருவையின் நிழலில் வாய்பேசாது வீற்றிருந்தன.

ஒன்று சொல்ல வேண்டும். ஆழிப்பேரலை பின்வாங்கியபோது மாமல்லபுரக் கரையில் சில பழங்கற்கள் தலைகாட்டிய நாள்முதல், இக்கடலோரத்தில் கால் இடறியவர் எவரும் 'அம்மா' என்று அலறுவதில்லை. 'பல்லவர்' என்றே அலறுகின்றனர். ஆகவே கோதண்டராமன் ஒரு மேடைமீது ஏறி, முழங்கினார்:

"சங்க உறுப்பினர்களே! எட்டுத் திசைக் காவலர்களுக்குப் பல்லவர் எழுப்பிய பலிபீடங்கள் இவை! நடுவிலே இருப்பது திருமஞ்சன நீர் வடியும் துளை! மேலே மின்னுவது வெள்ளித் தகட்டின் எச்சம்! நாம் தேடி வந்தது குக்கர். நமக்குக் கிடைத்ததோ வரலாறு!"

கைதட்டல் கழியைக் கலக்கிற்று. நாரைகள் நான்கு எழுந்து பறந்தன. அப்போது புறப்பட்டார் பக்தவத்சலனார். குனிந்தார், மின்னியதை நகத்தால் சுரண்டினார், மூக்கருகே கொண்டுபோனார், நிமிர்ந்தார், "வெள்ளியன்று, மீன் செதில்!" என்று வேலெறிந்தார். வெள்ளித் தகடு வீழ்ந்தது. பல்லவப் படையின் முன்னணி ஓரடி பின்வாங்கிற்று.

அங்கே நின்றிருப்பாராயின் நம் நாயகன் அப்பொழுதே வென்றிருப்பார். நின்றாரில்லை. மறுப்பதோடு மனம் நிறையாத வீரரன்றோ! அளவுநாடாவை உருவினார், மேடையை அளந்தார், விட்டம் சரியாக நான்கடி. "அடிக்கணக்கு ஆங்கிலேயன் கணக்கு! ஆகவே இவை கும்பெனியார் காலத்து உப்புக் கிடங்கின் அடித்தளங்கள்!" என்று அறைந்தார். தமிழனுக்கும் அடி உண்டு, முழம் உண்டு, சாண் உண்டு என்பதை அந்தக் கணத்தில் அவ்வறிஞர் மறந்தார். ஐவர் அவர் பக்கம் சேர்ந்தனர். இரு படைகளும் எதிரெதிர் நின்றன. வரலாற்றுச் சின்னத்தை எவரும் தீண்டாவண்ணம் கயிறிழுக்கும் வடத்தை எட்டு மேடைகளையும் சுற்றி வளைத்து, கோதண்டராமன் தம் கையாலேயே ஏழு முடிச்சுகள் இட்டார்.

சொற்போர் சூடேறிய அந்த வேளையில், முனிசாமியின் படகு மீண்டும் கரைதட்டிற்று. அதிலிருந்து நான்கு கூடை நெத்திலியோடு இறங்கினாள் கன்னியம்மா, குப்பத்துக்காரி, முனிசாமிக்கு அக்காள். அவ்வாண்டில் அதுவரை இல்லாத மீன்பாடு அன்று கிடைத்திருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் அவள் மீன் உலர்த்தும் இடம் அந்த எட்டு மேடைகளே. வடத்தைக் கண்டாள்.

"இன்னா சார், கயிறு கட்டிகினு கீறீங்க? ஏலம் வுடுறீங்களா?"

"தொடக்கூடாதும்மா," என்றார் கோதண்டராமன். "இது ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கோயில்."

"எது, இதுவா? எறாப் பண்ணைக்கு மோட்டார் வெச்ச மேடை சார் இது. தொண்ணூத்தி நாலுல கட்டுனாங்கோ. நாந்தான் செங்கல்லு சொமந்தேன். நடுவுல கீற ஓட்டை பைப்பு வுடறதுக்கு. அப்பால பண்ணைய மூடிட்டுப் பூட்டாங்கோ."

கேட்டீர்களா! கட்டியவள் சொன்னாள், கட்டிய ஆண்டைச் சொன்னாள், ஓட்டைக்கு உரிய காரணத்தையும் சொன்னாள். அதன்பின் நிகழ்ந்ததை உரைக்க நா கூசுகிறது. மூன்றாண்டுகளாக எதிலும் ஒத்துப்போகாத இரு தலைவர்களும் அந்த நொடியில் ஒன்றுபட்டனர். "உனக்குத் தெரியாதும்மா" என்றார் கோதண்டராமன். "ஆமாம், உனக்குத் தெரியாது" என்றார் பக்தவத்சலம். கல்லைக் கண்டால் கைகூப்பும் கூட்டமும், கல்லைக் கண்டால் அளவுநாடா நீட்டும் கூட்டமும், கல் சுமந்த தலையைக் கண்டபோது ஒரே முகமாய்த் திரும்பிக்கொண்டன. பகுத்தறிவே, அன்று உனக்கு என்ன பகுப்பு, என்ன அறிவு!

கன்னியம்மா அசரவில்லை. "சரி, எதுவோ இருந்துட்டுப் போவட்டும். கயித்த அவுருங்க. வெயிலு ஏறுது. இன்னும் ஒரு மணி நேரம் கூடையில கெடந்திச்சின்னா மொத்தமும் நாறிப்பூடும். மணல்ல போட்டா மண்ணு ஒட்டிக்கும், ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"கொஞ்சம் பொறுக்கா," என்றான் முனிசாமி, "மீட்டிங் போட்டுகினு கீறாங்க இல்ல?"

"இவுங்க மீட்டிங் முடியறதுக்குள்ள என் மீனு எழுந்து நடந்து பூடும்டா."

மீட்டிங் முடிந்தபாடில்லை. பல்லவர் பக்கத்திலிருந்து அம்பு. கும்பெனி பக்கத்திலிருந்து குண்டு. ஆகமம் என்று ஆர்த்தனர் அவர். ஆவணம் என்று அதட்டினர் இவர். கதிரவன் மேலேறினான், கூடையின் அடியிலிருந்து ஈரம் சொட்டிற்று, முதல் ஈ வந்தது, அதன் சுற்றம் வந்தது. கன்னியம்மா முந்தானையால் விசிறிப் பார்த்தாள். கழிநீரை அள்ளித் தெளித்துப் பார்த்தாள். பிறகு வடத்தின் அடியில் குனிந்து நுழைந்தாள். மூன்றாம் மேடையின் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த செங்கல் ஒன்றைப் பல் பிடுங்குவதுபோல் ஆட்டிப் பிடுங்கினாள். அதைத் திருப்பி, சேற்றைத் துடைத்து, இரு படைக்கும் நடுவே நீட்டினாள். செங்கல்லின் வயிற்றில், இன்றும் ஊர் ஊராய் லாரியில் செங்கல் அனுப்பும் சூளைக்காரனின் முத்திரை: மூன்று ஆங்கில எழுத்துகள், அவற்றின் கீழே சூளையின் ஊரான அச்சரப்பாக்கம், தமிழில்.

திகைத்தது பல்லவப் படை. ஆனால் கோதண்டராமனோ கண்ணிமைக்காமல் விடை பகர்ந்தார்: "அது பிற்காலத் திருப்பணி!"

ஆகா! எந்தச் சான்றும் துளைக்காத இரும்புக் கேடயமன்றோ அது! மீண்டும் கைதட்டல். அந்த ஆரவாரத்தின் நடுவே செங்கல்லைக் கையில் வாங்கி நின்றார் பக்தவத்சலனார். இங்கேதான், அன்பர்களே, உண்மையான போர். அச்சரப்பாக்கத்துச் சூளையின் அந்த ஒற்றைச் செங்கல், பல்லவர் கோயிலைத் தகர்த்த அதே வீச்சில் அவர்தம் கும்பெனிக் கிடங்கையும் தரைமட்டமாக்கியிருந்தது. 'பிற்காலப் பழுதுபார்ப்பு' என்று தாமும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிடங்கு பிழைக்கும், கௌரவம் பிழைக்கும், அடுத்த பொதுக்குழுவில் தலைநிமிர்ந்து அமரலாம். அச்சொல் அவர்தம் தொண்டைவரை ஏறிற்று. நாவின் நுனியில் நின்று நாட்டியமாடிற்று. பொய்க்கும் அழுத்தமானியை மெய்க்கும் மானியோடு ஒப்பிட்டுக் கழித்துக்கட்டும் அந்தக் கைகள் முதன்முறையாகத் தம் உடையவரையே எடைபோட்டன. அச்சொல்லை விழுங்கினார். நஞ்சை விழுங்கியவர்களைப் பாடியோர் உண்டு. தன் வாதத்தை விழுங்கியவரைப் பாடுவோர் இல்லை. நாம் பாடுவோம்!

"ஏம்மா, இந்த மேடைக்குச் செங்கல் சுமந்தவங்க வேற யாராவது இருக்காங்களா?" என்று, அன்றைய நாளின் தம் முதல் கேள்வியைக் கேட்டார்.

"பதினோரு பேரு கீறாளுங்க. போயி இட்டாரவா? மீனை யாரு பாத்துக்கறது, நீயா?"

திரும்பினார் நம் நாயகன், தீயென முழங்கினார்: "அவையீர்! செயலாளர் சொன்னதும் பிழை. நான் சொன்னது அதனினும் பிழை. ஏனெனில் நான் அளந்துவிட்டுப் பொய் சொன்னேன்! இது இறால் பண்ணை. கட்டியவர் இந்த அம்மையார். வடத்தை அவிழுங்கள்!"

அவிழ்ப்பதா? வாக்கெடுப்பன்றோ வழி! 'இத்தீவு பல்லவர் சின்னம். அரசு இதற்கு வேலியிட வேண்டும். அதுவரை எவரும் மேடைகளைத் தீண்டலாகாது' என்று தீர்மானம் முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது. பல்லவருக்கு இருபத்தொரு கைகள். கும்பெனிக்கு ஐந்து, தலைவரே கைவிட்ட கொள்கையைத் தொண்டர்கள் கைவிட மறுத்துவிட்டனர். இறால் பண்ணைக்கு ஒன்று. கன்னியம்மா பூங்கடலில் வீடு வாங்கியவள் அல்லள் ஆதலின் அவளுக்குக் கை இருந்தும் வாக்கில்லை. அந்த இருபத்தொன்றில் ஒன்று பக்தவத்சலனாரின் இல்லத்தரசி லோகநாயகியின் வளைக்கரம். கணவரின் கண்ணைக் கண்டதும் அவர், "இதுக்குக் கை தூக்குனாத்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பாங்களாம், மணி பதினொண்ணு ஆகுதுங்க" என்றார்.

வாக்கிலே தோற்றார், ஆயினும் வடத்திலே வெல்லச் சென்றார். வங்கிப் பெட்டகத்தைப் பூட்டிப் பழகிய கைகள் இட்ட ஏழு முடிச்சுகளையும் ஒவ்வொன்றாய்ப் பல்லாலும் நகத்தாலும் பிளந்து, "தீர்மானத்தை மீறுகிறீர்! பதிவேட்டில் எழுதுவேன்!" என்ற செயலாளரின் சங்கநாதம் செவிப்பறையைக் கிழிக்க, "எழுதுங்கள்!" என்று எதிர்நாதம் எழுப்பி, வடத்தைச் சுருட்டி எறிந்து, முதற்கூடையை மார்போடு அணைத்துத் தூக்கினார் எம் தலைவர். இளகிய நெத்திலியின் நறுநீர் அரைக்கால் சட்டையின் ஆறு பைகளிலும் அருவியாய் இறங்கிற்று. கடற்காற்று அந்த மணத்தை ஏந்தித் தீவெங்கும் முரசறைந்தது. மாலையில் வறுவலாகத் தட்டில் வந்தால் வாழ்த்தி வரவேற்கும் அதே மூக்குகளைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, வென்ற இருபத்தொருவரும் வெல்லாத ஐவரும் வடமுனை நோக்கிப் புறங்காட்டி ஓட, ஓடியவர்களுள் முன்னணியில் செயலாளரே விரைய, வரலாறு தனித்து நிற்க, வெள்ளி மழையெனவும் வேந்தன் வாரி வழங்கும் பொற்காசெனவும் வெற்றித் திருமகள் தூவும் பூவெனவும் கைநிறைய நெத்திலியை அள்ளி அள்ளி எட்டு மேடைகள்மீதும் சொரிந்தார், ஐயத்தின் அரசர், தன்னையே வென்ற தறுகண்ணாளர், பக்தவத்சலனார்.

"குமிச்சிப் போடாத சார், மெலிசா பரப்பு" என்றாள் கன்னியம்மா.