ரூமுக்கு மூணு வாசல்

விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி சீனிவாசகத்துக்கு மூளை அதிகம். இதை ஊரில் வேறு யாரும் சொன்னதில்லை, அவரேதான் சொல்லிக்கொள்வார். தினமும் மண்டியில் உட்கார்ந்து சொல்லுவார். கேட்கிறவன் கடனுக்கு வத்தல் எடுக்க வந்தவன். தலையை ஆட்டாமல் என்ன செய்வான்? அந்தத் தலையாட்டலை நம்பித்தான் மனுஷன் கெட்டார்.

அவர் பெண்டாட்டி ஆவுடைத்தாய் சிவகாசிக்காரி. பட்டாசுக் கம்பெனிக்காரர் மகள். கல்யாணத்தின்போது எம். புதுப்பட்டிப் பக்கம் ஆறு ஏக்கர் தரிசுக் காடு சீதனமாக அவள் பேரில் வந்தது. அதில் சொந்தமாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைக்க வேண்டும் என்பது அவளுக்கு ஆசை. வருஷா வருஷம் கேட்பாள். வருஷா வருஷம் இவர் குதிப்பார்.

"மருந்து இடிக்கிற பொழப்பா? சீ! என் உசுரு இருக்கிற வரைக்கும் அந்தக் காட்டுல ஒரு ஓலை வெடி உருளாது."

"எங்க பொழப்புக்கு என்ன கொறச்சல்? உங்க மண்டிக்குள்ள நொழஞ்சவன் தும்மாம வெளிய வந்திருக்கானா?"

"வத்தல் மகாலட்சுமி! உங்க அப்பன் தொழில் கரி!"

"அந்தக் கரியிலதான் உங்க கைக்கு மோதிரம் போட்டாக" என்பாள் ஆவுடைத்தாய். இவர் மோதிரத்தைப் பார்ப்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

1962-ல் வினை வந்தது. மாமனார் கம்பெனிக்கு வெடி சுற்றுவதற்குப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். பொங்கலுக்கு அங்கே போன சீனிவாசகம் அந்தக் குப்பையைக் கிளறி ஒரு அமெரிக்கப் புஸ்தகத்தை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் வீட்டுப் படம். நட்டநடுக் காட்டில் தட்டை மொட்டைமாடி வீடு. சுவருக்குப் பதில் கண்ணாடி. உள்ளே ஒரு வெள்ளைக்காரன் கையில் கிளாஸோடு, காட்டையே விலைக்கு வாங்கியவன் மாதிரி நிற்கிறான். அந்த இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்தார் சீனிவாசகம். தொந்தி கொஞ்சம் இடித்தது. மற்றபடி பொருத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிரகடனம் செய்தார்.

"ஆவுடை! உன் காட்டுல மாடர்ன் வீடு கட்டப் போறேன். குடியே அங்கன போறோம். பஜார் சத்தம், எண்ணெய் மில் நாத்தம் ஒண்ணும் வேண்டாம். எலி வளையானாலும் தனி வளை!"

எலி என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டது அவருக்கு உறைக்கவில்லை.

அவள் அழுவாள், அண்ணனைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ படத்தை வாங்கி விளக்குப் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கட்டுவோம்."

கல்யாணமான நாள் முதல் 'சரி' என்ற சொல்லையே வாயில் வைக்காதவள் ஒரே பேச்சில் சரி என்கிறாளே, அங்கேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டாமா? வத்தலில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் மூட்டையை இறக்காதவர், பெண்டாட்டி பேச்சை அப்படியே இறக்கிக்கொண்டார்!

"ஒரே ஒரு யோசனை" என்றாள். "சொல்லலாமா?"

"சொல்லு, சொல்லு." தாராளம்!

"சுவரு பூரா கண்ணாடி வச்சா உள்ள இருந்து பாக்கத்தானே முடியும்? அதுக்குப் பதிலா கதவா வச்சா நடந்தே வெளிய போயிறலாமே. ரூமுக்கு மூணு வாசல் வைப்போம். காத்து பிச்சுக்கிட்டு வரும்."

"இதைத்தான் நானும் நெனச்சேன்!" என்றார். நினைக்கவே இல்லை.

மறுநாள் இன்னொரு யோசனை.

"கதவெல்லாம் வெளிப்பக்கமாத் தொறக்கட்டும். உள்ள தொறந்தா எடத்தை அடைக்கும்லா?"

"அமெரிக்காவுல அப்படித்தான்!" என்றார். அமெரிக்கா எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்டால் மேலே கை காட்டுவார்.

அடுத்த வாரம்: "ரூமையெல்லாம் ஒட்டி ஒட்டிக் கட்டுறது பழைய பழக்கம். தள்ளித் தள்ளிக் கட்டுவோம். நடுவுல வேப்பங்கன்னு வைப்போம்."

இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். "மழை பெஞ்சா சோத்துத் தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடணுமே?"

"நம்ம ஊர்ல எங்கங்க மழை பெய்யுது?"

அதுவும் நியாயம்தான்.

கடைசியாக அடுப்படி. "புகை மாடர்னுக்கு ஆகாது. அடுப்படியை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிருவோம்."

"காப்பி வர்றதுக்குள்ள ஆறிப் போகுமே?"

"அமெரிக்காவுல ஆறின காப்பிதான் குடிப்பாகளாம்."

"ஆமா ஆமா, தெரியும்!" என்றார் சீனிவாசகம்.

வேலைக்குக் காசிராஜன் கொத்தனாரை வரவழைத்தாள். சிவகாசிக்காரர், நன்றாகக் கட்டுவார், வாயைத் திறக்க மாட்டார். ஒரே ஒரு நாள் திறந்தார்.

"மொதலாளி, இது குடியிருக்கிற வீடுதானா?"

"உமக்கு மாடர்ன் தெரியுமாய்யா?"

"அது தெரியாது மொதலாளி. ஆனா இதே மாதிரி நெறையக் கட்டியிருக்கேன்."

"எங்க, அமெரிக்காவுலயா?"

"சாத்தூர்ல."

சீனிவாசகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாத்தூரில் மாடர்ன் வீடாம்! வெள்ளரிக்காய் விற்கிற ஊரில் வெள்ளைக்காரன் வீடாம்! ஆவுடைத்தாய் கொத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் கரண்டியோடு மட்டும்தான் பேசினார்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. விருதுநகர் மண்டிக்காரர்கள் எல்லோரையும் கார் வைத்துக் கூட்டி வந்திருந்தார் சீனிவாசகம். காட்டுக்கு நடுவே நாலைந்து ரூம்கள், ஒன்றோடொன்று சண்டை போட்டுப் பிரிந்த பங்காளிகள் மாதிரி விலகி விலகி நின்றன. வந்தவர்கள் ஒரு வாசலில் நுழைந்து, எதிர் வாசலில் வெளியே போய், வீடு எங்கே என்று தேடினார்கள். பால் வேலிக்கு அந்தப் பக்கம் பொங்கியது. சங்கு ஊதியதுகூட இங்கே கேட்கவில்லை.

ஆவுடைத்தாயின் அண்ணன் சண்முகவேல், வெள்ளைச் சட்டையும் காலில் பூட்ஸுமாக ஒருவரை அழைத்து வந்தார். "பெரிய ஆபீசர், மாப்பிள்ளை. மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காரு. உங்க கட்டடத்தைப் பாக்கணும்னாரு."

சீனிவாசகத்துக்குத் தலைகால் புரியவில்லை. மெட்ராஸ் வரைக்குமா பேர் போய்விட்டது? ஆபீசர் ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்த்தார். ரூமுக்கு ரூம் நடந்து பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"பிரமாதம்! பிளான் யாரோடது?"

ஆவுடைத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றாள். "எல்லாம் அவுகதான். எனக்கு என்ன தெரியும்?"

"கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்குதே, அதுவும் உங்க யோசனையா?"

"என் யோசனைதான் சார்."

"இவ்வளவு இடைவெளி விட்டது?"

"நான்தான்."

"அடுப்பை வேலிக்கு வெளியே தள்ளினது?"

"அதுவும் நான்தான் சார். பொம்பளைக புத்திக்கு இதெல்லாம் எட்டுமா?" மண்டிக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார்.

ஆபீசர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் சர்வீஸ்ல, ரூமுக்கு ரெண்டு கதவுக்கு மேல வைங்க, ஆபத்துன்னா ஓட வழி விடுங்கன்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தியிருக்கேன். நோட்டீஸ் விடாம ஒரு முதலாளியும் கட்டினதில்லை. யாரும் சொல்லாமலே இப்படிக் கட்டின முதல் பட்டாசு முதலாளி நீங்கதான். லைசென்ஸுக்கு ஒரு தடையும் இல்லை."

"பட்டாசு... என்ன லைசென்ஸ்?"

"தங்கச்சி பேருக்குத்தான் மாப்பிள்ளை" என்றார் சண்முகவேல். "அவ காடுதானே? போன மாசமே மனு போட்டாச்சு."

சீனிவாசகம் வாயைத் திறந்தார். 'ஐயா, இது வீடு' என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால் சும்மா விடுவார்களா? எந்தக் கிறுக்கன் அடுப்படியை வேலிக்கு வெளியே வைப்பான் என்று கேட்பார்கள். பெண்டாட்டி சொன்னாள், தலையாட்டினேன் என்று சொல்ல வேண்டும். அதுவும் விருதுநகர் பஜாரே நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது! பஜார் காதில் விழுந்தால் அப்புறம் மண்டி வாசலில் உட்கார முடியுமா?

"ஆமா சார்" என்றார். "எல்லாம் கம்பெனிக்காகத்தான்."

மண்டிக்காரர்கள் கை தட்டினார்கள். "அண்ணாச்சி மூளையே மூளை!" என்றார் ஒருவர். முதல்முறையாக அடுத்தவன் வாயால் அதைக் கேட்டார். வேப்பங்காயாகக் கசந்தது.

எல்லோரும் போன பிறகு பெண்டாட்டி மேல் பாய்ந்தார்.

"என்னை ஏமாத்திட்டியே ஆவுடை!"

"நானா? எல்லாம் என் யோசனைன்னு ஊரு முன்னால சொன்னது யாரு?"

"குடியிருக்கணும்னுதானே ஆசையா கட்டுனேன்!"

"நம்ம வீடு விருதுநகர்ல இருக்கு. அது எங்கயும் ஓடிப் போகல. தீபாவளி சீசனுக்கு எங்க அப்பா ஆர்டர்ல பாதியை எனக்குத் தர்றேன்னு சொல்லியிருக்காரு. திங்கக்கிழமை வேலைக்கு ஆள் வருது."

"அப்ப நான்? இந்தக் காட்டுல, இந்தக் காத்துல ஒரு நாளாவது இருக்கணும்னு எம்புட்டு ஆசைப்பட்டேன் தெரியுமா?"

ஆவுடைத்தாய்க்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தில் வந்து சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

"அதுக்கு ஏன் இப்படி வெசனப்படுதீக? வாட்ச்மேனுக்கு ஒரு ரூம் வேணும்னு ஆபீசர் சொல்லிட்டுப் போயிருக்காரு. அதை உங்க இஷ்டம்போல கட்டிக்கிடுங்க, நான் குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டேன்."