அறுபத்தோராவது ஓட்டு

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், சலவை ஆலையின் கொதிகலன் ஆபரேட்டர், தொழிற்சங்கச் செயலாளர் ஆகிய மூவரும் ஒரே உடம்பிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் அச்சகமும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலியை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

முதலில் நல்ல செய்தி. கறார் அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது! இஸ்திரி உருளையில் கை மாட்டாமல் காக்கிற கம்பித் தடுப்பு உடைந்து கிடந்தபோது, "தடுப்பு மாட்டுற வரைக்கும் நான் துணி போட மாட்டேன்" என்று சொன்னதற்காகக் கம்பெனி வெளியே அனுப்பியதே, அதே அம்மாள்தான். பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஒரு சுருக்கம் இல்லாமல் அனுப்பியவர். அவருக்காக நாங்கள் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுக்க வேண்டுமானால், நூற்றிருபது உறுப்பினர்களில் அறுபத்தொரு பேர் ஆதரவாக ஓட்டுப் போட வேண்டும் என்பது சங்க விதி. எங்களுக்கோ மூன்று ஷிப்ட். ஒன்று உள்ளே போகும்போது இன்னொன்று வெளியே வருகிறது, மூன்றாவது வீட்டில் தூங்குகிறது. பதினொரு வருஷத்தில் எந்தக் கூட்டத்திலும் முப்பத்துநாலு தலைக்கு மேல் நான் பார்த்ததில்லை, அதிலும் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

அப்போதுதான் சம்மேளனத்திலிருந்து, உறுப்பினர்களைத் திரட்டுவது எப்படி என்று இணையத்தில் ஆறு வகுப்பு நடத்துகிறோம், செயலாளர்கள் சேரவும் என்று தகவல் வந்தது. "போனுக்குள்ள சங்கமா? உருப்பட்ட மாதிரிதான்" என்று நீங்கள் சிரித்தீர்கள். முதல் வகுப்பில் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆசிரியை என்னைப் பேசச் சொன்னார். மேடைப் பழக்கம் விடுமா? எழுந்து நின்று, "வகுப்பெடுக்கும் ஆசிரியை அவர்களே, மேல் வரிசை முதல் கட்டத்தில் வீற்றிருக்கும் பஸ் டிப்போ தோழர் அவர்களே, அடுத்த கட்டத்து ஆஸ்பத்திரி ஊழியர் அவர்களே" என்று திரையிலிருந்த நாற்பத்திரண்டு கட்டங்களையும் வரிசையாக விளித்துக்கொண்டு வந்தேன். பாதியில் யாரோ இருமினார்கள். இருமியவர் மேலே போய்விட்டார், மேலே இருந்தவர் கீழே வந்துவிட்டார். யாராவது விட்டுப்போனால் மனசு நோகுமே என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் இருமல். மூன்றாவது தடவை முடிக்கும்போது ஆசிரியை, "தோழர், உங்க கருத்து என்ன?" என்று கேட்டார், வகுப்பு நேரம் முடிந்துவிட்டது.

இரண்டாம் வகுப்பில் வீட்டுப்பாடம். ஐந்து உறுப்பினர்களிடம் பேச வேண்டும், ஆனால் அவர்களைவிடக் குறைவாகப் பேச வேண்டும். இதைக் கேட்டு உங்கள் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முப்பது வருஷமா என்கிட்ட வராத பழக்கம், அந்த டீச்சர் ரெண்டே நாள்ல கத்துக்குடுத்துடுவாங்களா?" என்றாள். வாயை மூடிக்கொண்டு இரவு ஷிப்டில் துணி உலர்த்தும் மெஷின் ஓட்டுகிறவருக்குப் போன் போட்டேன். "கூட்டத்துக்கு ஏன் வர்றதில்ல?" என்று மட்டும் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கூட்டமா? சங்கத்துல கூட்டமெல்லாம் உண்டா?" மச்சான், இதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. நம் அறிவிப்புப் பலகை இருப்பது கதவு திறந்தால் மறைகிற சுவரில். நீராவி வெளியே போவதற்காக இரவு ஷிப்டில் கதவை அகலத் திறந்து வைத்துவிடுவார்கள். நீங்கள் எழுத்துக்கு எழுத்து பார்த்துப் பார்த்து அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸ்கள் அத்தனையும் பதினொரு வருஷமாகக் கதவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. என் மேல் கோபப்படுங்கள், நியாயம்தான். ஆனால் இனிமேல் எல்லாம் போனிலேயே என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. உங்கள் அச்சகத்தைத் தொந்தரவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம் போனிலேயே ஓட்டெடுப்பு. உறுப்பினர் எண்ணைக் கேட்கும் கட்டம் கண்டிப்பாக வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். நம்ம ஆளுங்களுக்குச் சொந்தப் பிறந்தநாளே ஞாபகம் இருக்காது, இதுல நம்பருக்கு எங்கே போவாங்க என்று நான் அதை எடுத்துவிட்டேன். அதோடு விட்டேனா? அவசரத்தில் சங்கக் குழுவுக்கு அனுப்பிய இணைப்பைக் கம்பெனியின் ஷிப்ட் நேரக் குழுவுக்கும் அனுப்பித் தொலைத்துவிட்டேன். அதில் ஷிப்ட் சூப்பர்வைசர் இருக்கிறார், கறார் அம்மாவின் கையில் வேலைநீக்கக் கடிதத்தைக் கொடுத்த அதே மனிதர். பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டேன். ஆனால் மறுநாள் அவர் என்னை ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று நாள் ஓட்டு. முதல் நாள் முப்பத்தொன்று, ரெண்டாம் நாள் ஐம்பத்திரண்டு, கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அறுபது. ஆறு மணிக்கு மூடிவிடும். அப்படியே நிக்குது, மச்சான், அறுபதுலயே நிக்குது! வெளியூர் லோடு போன லாரி டிரைவர் மட்டும், "சிக்னல் கெடச்ச உடனே போட்டுடுறேன், என்னை நம்புங்க" என்று சொல்லியிருந்தார். கறார் அம்மா காவலாளியிடம் கேட்டுக்கொண்டு உள்ளே வந்து, கொதிகலன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். "போகட்டும் விடுங்க, அறுபது பேர் எனக்காகப் போட்டாங்களே" என்றார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு எண் மாறியது. அறுபத்தொன்று! லாரி டிரைவர் வாழ்க என்று நான் போட்ட கோஷத்தில் வாசல் காவலாளி ஓடி வந்தார். நோட்டீஸ் போனது, கம்பெனி பேச்சுக்குக் கூப்பிட்டது, தடுப்பு மாட்டினார்கள், மறுபடி வேலைக்கு எடுக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அம்மாள் முதல் நாள் வந்ததும் தடுப்பை ஆட்டிப் பார்த்து, "இந்த ஸ்க்ரூ லூசு" என்றார். நான் கொதிகலனுக்குப் பின்னால் போய் நன்றாக அழுதேன். பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும். உங்கள் முழங்கால் மாடிப்படி ஏறட்டும்.

இப்படிக்கு,
இணையத்தை வென்ற
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், வெளியூர் லோடெல்லாம் முடித்து இன்றைக்குத்தான் லாரி டிரைவர் வந்தார். "மன்னிச்சுக்குங்க செயலாளரே, மலைப்பாதையில சிக்னலே இல்ல, ஓட்டே போடல" என்கிறார். அப்படியானால் அந்த அறுபத்தோராவது ஓட்டு யாருடையது? யோசித்துக்கொண்டிருக்கும்போது ஷிப்ட் சூப்பர்வைசர் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். "லிங்க் நம்ம குரூப்புல வந்துச்சே, அழிக்கறதுக்குள்ள திறந்துட்டேன். கடைசி நாள் வரைக்கும் தைரியம் வரல. அந்த லெட்டரக் கையில குடுத்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல சார்" என்றார். அவர் சங்க உறுப்பினர் இல்லை, விதிப்படி அவர் ஓட்டு செல்லாது. ஆக அறுபதுதான். கறார் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "உத்தரவுல கையெழுத்து ஆயிடுச்சு, அது நிக்கும். ஆனா விதின்னா விதிதான். சங்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, மறுபடி ஒழுங்கா ஓட்டு எடுங்க" என்று சொல்லிவிட்டார். எனவே ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். இதைப் போனில் அனுப்ப இனி என் கைக்குத் துணிச்சல் இல்லை. தயவுசெய்து நூறு நோட்டீஸ் அடித்து அனுப்பவும். இந்தத் தடவை கதவு மேலேயே ஒட்டிவிடுகிறேன், ரெண்டு பக்கமும்.