மெத்தையின் ஞானத்தந்தை

வில்யா கந்தூத்தா நகர மக்களிடையே வீரம் கவலைக்கிடமான அளவுக்குக் குறைந்துவிட்ட விவரம் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. நிலைய இயக்குநர் தோன் அபுந்தியோ உடனடியாக நான்கு மாதம் ஆலோசித்தார். ஞாயிறுதோறும் 'உயிர் துச்சம்' என்ற சாகசப் போட்டியை நேரடியாக ஒளிபரப்புவதென்று முடிவாயிற்று. பொலிவிய மேட்டுநிலமே இதுவரை கண்டிராத நிகழ்ச்சி என்று சுவரொட்டி சொன்னது. முதல் சாகசம், நிலையத்தின் இரண்டாவது மாடியிலிருந்து மெத்தைமேல் குதிப்பது.

குதிக்கத் தேர்வானவர் ரெம்பெர்த்தோ. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். முத்திரையைத் தவிர வேறெதையும் ஓங்கிக் குத்தியறியாதவர். வீட்டில் எலி வந்தால் மாமியாரைக் கூப்பிடுவார். மாமியார் தோன்யா எதுவிகெஸ் சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவர். அவர் வாய்க்குப் பயந்து போலீஸ்காரரே இரண்டு கிழங்கு கூடுதலாகக் கேட்கத் தயங்குவார். இப்படிப்பட்ட வீட்டில் மனைவி சுலேமா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன்னை வாய் பிளந்து பார்க்க வேண்டும் என்பதுதான் ரெம்பெர்த்தோவின் ஆசை. மூன்று வாரம் அலமாரி மேலிருந்து கட்டிலில் குதித்துப் பழகினார். கட்டிலுக்கு ஒரு கால் போயிற்று. அவருக்கு இரண்டும் மிஞ்சின.

நிலையத்திடம் லட்சியம் இருந்தது, நிதி இல்லை. அதனாலென்ன? குழந்தையின் முதல் முடிவெட்டிலிருந்து கால்பந்து அணியின் சட்டைவரை இந்த ஊரில் எதற்கும் ஒரு ஞானத்தந்தை உண்டு. யார் வாங்கித் தருகிறாரோ அவரே ஞானத்தந்தை. வீடு தேடி வந்து கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் கிடையாது. எப்போதோ சொன்ன ஒருவர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்.

ஆகவே மெத்தைக்கு ஒரு ஞானத்தந்தை, தலைக்கவசத்துக்கு ஒரு ஞானத்தாய், ஏணிக்கு, விசிலுக்கு, மைக்குக்கு, கோப்பைக்கு என்று ஆளுக்கொருவர் அமைந்தார்கள்.

ஞாயிறு நண்பகல் வாத்தியக் குழு முழங்க ரெம்பெர்த்தோ மாடி விளிம்பில் போய் நின்றார். குளிர்காற்று காதை அறுத்தது. கீழே மெத்தையின் ஞானத்தந்தை தோன் சிரியாக்கோ, பர்னிச்சர் கடைக்காரர், மெத்தையின் குலம் கோத்திரம் பற்றிப் பதினொரு நிமிடம் பேசினார். பூமித்தாய்க்கு முதல் மடக்கு என்று அதன் நாலு மூலையிலும் பீர் ஊற்றினார். பிறகு தலைக்கவசத்தின் ஞானத்தாய் பேசினார். ஏணியின் ஞானத்தந்தை அழுதார். ஐம்பது நிமிடம் ஆயிற்று. எல்லாம் முடிந்து விசில் வாய்க்குப் போகும் நேரத்தில் தோன் சிரியாக்கோ கையை உயர்த்தினார்.

"தோன் அபுந்தியோ, அந்த ஆளு ரெண்டு மாடியிலருந்தா குதிக்கப் போறாரு?"

"அப்படித்தானே சுவரொட்டியில போட்டிருக்கு?"

"ஸ்பிரிங் என்னத்துக்கு ஆகும்? நான் அதுக்கு ஞானத்தந்தை. நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு யாரைக் கேக்கும்?"

நியாயம் என்று இயக்குநருக்குப் பட்டது. "சரி, முதல் மாடி."

"பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கலீங்க."

"ஏறினது ஏறிட்டேன், குதிச்சுடறேனே," என்று ரெம்பெர்த்தோ மேலிருந்து கெஞ்சினார். யாருக்கும் கேட்கவில்லை; மைக்கின் ஞானத்தந்தை மைக்கைப் பிறர் கையில் கொடுப்பதில்லை.

அவரை ஏணி வழியாக இறக்கினார்கள். முக்காலி மேலிருந்து குதிக்கலாம் என்று பேச்சு வந்தது. முக்காலிக்கு ஞானத்தந்தை யார்? யாருமில்லை. அநாதைப் பொருளைப் பொது நிகழ்ச்சியில் பயன்படுத்த முடியாதென்று இயக்குநர் வருத்தத்துடன் அறிவித்தார். சரி, தரையிலிருந்தே குதிக்கட்டும் என்றார்கள். ரெம்பெர்த்தோ செருப்பைக் கழற்றி, முட்டியை மடக்கினார். நிகழ்ச்சி நேரம் முடிந்தது.

குதிக்க முழு மனதுடன் இருந்ததைக் கருத்தில் கொண்டு கோப்பை அவருக்கே வழங்கப்பட்டது.

வீட்டுக்கு வந்தபோது சுலேமா கேட்டாள், "எப்பங்க குதிச்சீங்க? கண்ணை எடுக்காமத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நீ பாத்தது சரிதான்," என்றார். கோப்பையை அலமாரி மேல் கவிழ்த்து வைத்தார்.

"விடுங்க மாப்ள," என்றார் மாமியார். "மொத்தத்துல நனைஞ்சது மெத்தை ஒண்ணுதான்."

ஊரே சிரித்தது. இவ்வளவு மட்டமான நிகழ்ச்சியை யாரும் பார்த்ததில்லை என்று சந்தையில், பேருந்தில், பாவமன்னிப்புக் கூண்டில்கூடச் சொன்னார்கள். எல்லோரையும்விட அதிகம் சொன்னவர் தோன்யா எதுவிகெஸ். கிழங்கை எடை போட்டுக்கொண்டே சொல்வார்.

புதன்கிழமை மாலை தோன் அபுந்தியோ நீலக் கோட்டு போட்டுக்கொண்டு ரொட்டியும் ஒரு பெட்டி பீருமாக வீட்டுக்கு வந்தார். ஞானத்தந்தை கேட்டு வருபவர்தான் இந்த ஊரில் இப்படி வருவார்; அந்தக் கோட்டைப் பார்த்ததுமே சுலேமாவின் முகம் வெளுத்தது.

"வர்ற ஞாயிறு நெருப்பு வளையத்துல பாயற சாகசம்," என்றார் அவர். "நெருப்புக்கு ஞானத்தந்தையா முதல் வீரரே இருந்தாத்தான் மரியாதைன்னு நிகழ்ச்சிக் குழு நினைக்குது. விறகு, மண்ணெண்ணெய், வந்தவங்களுக்கெல்லாம் சாப்பாடு, அவ்வளவுதான்."

"முடியாதுன்னு சொல்லுங்க," என்று சுலேமா காதோரம் சொன்னாள்.

ரெம்பெர்த்தோ நாற்காலியின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். மாடி விளிம்பில் நின்றபோதுகூட அவர் எதையும் பற்றவில்லை. சுலேமா வாயைப் பிளந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சொல். அவர் வாயைத் திறந்தார்.

"பெரிய கௌரவங்க, தோன் அபுந்தியோ."

"மாடியிலருந்து குதிச்சிருந்தா கால் மட்டுந்தான் போயிருக்கும் மாப்ள," என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்ல தைரியமில்ல. நீங்கள்லாம் ஒரு ஆம்பளை."

தோன் அபுந்தியோ மெல்ல அவர் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தோன்யா எதுவிகெஸ், வளையத்துக்கு இன்னும் ஞானத்தாய் அமையல."

தோன்யா எதுவிகெஸ் சுவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, சந்தையில் யாரும் கேட்டிராத மெல்லிய குரலில் கேட்டார்:

"எத்தனை அடி வளையம் வேணுங்க?"