துரையின் மீனும் றுக்கியாவின் பருப்பும்

யப்பான்காரன் குண்டு போட்டுப் போன பிறகு திருகோணமலையில் எல்லாரும் வானத்தைப் பார்த்துப் பயந்தார்கள். கலீலுர் றஹ்மான் மட்டும் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்துப் பயந்தார்.

தொட்டி துரையுடையது. துறைமுகக் களஞ்சியத்தில் கலீல் கிளாக்கர். அவருக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரை. துரை கண்டியிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த தொட்டிக்குள் பச்சைச் செடிகளும் பதினொரு சிவப்பு மீன்களும் இருந்தன. கப்பலேறும் அவசரத்தில் அதை இவர் கையில் கொடுத்து, "ஒரு மாதத்தில் வருவேன். மீன் ஒன்று குறைந்தால் களஞ்சியத்தில் ஆளும் ஒன்று குறையும்," என்று சிரித்தார். துரைமார் சிரித்துக்கொண்டு சொல்வதுதான் நடக்கும் என்பது கலீலுக்கு நன்றாகத் தெரியும்.

சும்மா பார்த்துக் கொடுத்தால் போதுமா, துரை மெச்ச வேண்டாமா? கடற்கரைக்குப் போய், கரையொதுங்கிய பவளப்பாறைத் துண்டுகளான வெள்ளை வெளேரென்ற முருகைக்கல் ஒரு பை பொறுக்கி வந்தார். தொட்டிக்குள் கோட்டை கட்டினார். மீன் புகுந்து வர வாசலும் விட்டார்.

மனைவி றுக்கியா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கல்லப் போடாதீங்க. சுட்டாச் சுண்ணாம்பு. தண்ணிக்குள்ள கிடந்தா அதே சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கரையும்."

"ஆர் சொன்ன?"

"எங்கட கிணறு. சுத்திவர இந்தக் கல்லுத்தான். அந்தத் தண்ணியில பருப்பு ஒரு நாளாவது வெந்திருக்கா? பள்ளிவாசலடிக் கிணத்துல நல்ல தண்ணி, ரெண்டு குடம் அள்ளித் தாங்க எண்டு எத்தின வருஷமாக் கேக்கிறன்."

"கிளாக்கர் குடம் தூக்கிறதா? மீன் என்ன பருப்பா புள்ள, வேகாமப் போறதுக்கு?"

தன் பகிடிக்குத் தானே சிரித்தார். ஐந்தாம் நாள் சிரிப்பு நின்றது. செடியின் இலைகளில் மாப் பூசினதுபோல வெள்ளை படிந்திருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

அந்த நேரம் பார்த்து அபாயச் சங்கு ஊதியது. அயலட்டைச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓட, கலீல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குழிக்குள் அதை மடியில் வைத்து, பதினொன்றையும் திரும்பத் திரும்ப எண்ணினார். ஓடிவந்த வேகத்தில் பாதித் தண்ணீர் அவர் சாரத்தில்தான்.

"குண்டு விழுந்தா ஒரேயடியா மௌத்து," என்றார். "இது செத்தா நான் உயிரோட நிண்டு துரைக்குப் பதில் சொல்லோணும்."

வீட்டுக்கு வந்ததும் றுக்கியா ஒரு கல்லை வெளியே எடுத்து, அதன்மேல் புளித் தேசிக்காய்ப் பாதியைப் பிழிந்தாள். கல் நுரைத்துப் பொங்கியது.

"சுண்ணாம்பு இல்லாத கல்லு இப்பிடிப் பொங்காது. எல்லாத்தையும் எடுங்க. தண்ணியையும் ஒரேயடியா மாத்தாம, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தோணும். பள்ளியடித் தண்ணி, நாளுக்கு நாலு குடம்."

"இந்தச் சின்னத் தொட்டிக்கா?"

"துரைட மீனெல்லே."

பயந்த மனிசனுக்குக் கேள்வி கேட்க வாய் வருமா? விடிந்ததும் கோட்டுப் பையில் பேனை குத்தியபடி, தோளில் காவுதடியோடு கிளாக்கர் பள்ளியடிக்கு நடந்தார். மீன்கள் கீழே இறங்கின. செடி புதுத்தளிர் விட்டது.

முப்பதாம் நாள் துரை வந்து எண்ணினார். பதினொன்றும் இருந்தன. கலீலின் தோளைத் தட்டினார். போன உயிர் திரும்பி வந்தது.

உயிர் வந்தபிறகுதான் மூக்கும் வேலை செய்தது. குசினியிலிருந்து பருப்பு வாசம். கிட்டத்தட்ட ஒரு மாதமாக வெண்ணெயாக வெந்த பருப்பு. தொட்டிக்குப் போனதோ நாளுக்கு ஒரு செம்புத் தண்ணீர்தான். மிச்சமெல்லாம் எங்கே போனது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. இன்றோடு குடத்துக்குத் தலைமுழுக்கு என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து றுக்கியா மெதுவாகச் சொன்னாள்:

"துரை தங்கிற பட்டாளக் காம்புக் கிணறும் முருகைக்கல்லுக்குள்ளதான். அங்க கொண்டுபோனா அஞ்சு நாளைக்குத் தாங்காது. பிறகு ஆரிட வேல போகும்?"

சொல்லாமல் விடத்தான் பார்த்தார். வாயைப் பிளந்த மீன்கள் கண்ணுக்குள் வந்து நின்றன. ஒரு சொல் விடாமல் இங்கிலீசில் சொல்லி முடித்தார்.

துரை யோசித்தார். "அப்படியென்றால் சண்டை முடியும்வரை உன் வீட்டிலேயே இருக்கட்டும்."

சண்டை முடிய இன்னும் மூன்று வருஷம் சென்றது.