நாற்பதுக்கு நாற்பது

நாற்பது கேள்விக்குப் பன்னிரண்டே பன்னிரண்டு டிக். தங்கராஜு தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் இன்னும் நாலைந்து இருக்காதா என்ற நப்பாசைதான். அங்கே எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

“பன்னெண்டாண்ணே?” என்றாள் தங்கை லீலாவதி. “அம்சவள்ளிய மறந்துற வேண்டியதுதான்லா.”

அதுதான் அவன் கவலை. ரவாங் ஊர் ஆபீசில் அவன் தற்காலிகக் கிராணி, குமாஸ்தா வேலை. மலாய்ப் பாடத்தில் கிரெடிட் தேர்ச்சி வாங்கினால்தான் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று அம்சவள்ளியின் அப்பா காளியண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. ஜூலைப் பரீட்சையும் போனால், கெர்லிங்கில் ஒரு லோரிக்காரன் மாலையோடு தயாராக நிற்கிறான்.

பயிற்சிப் புத்தகத்தில் விடைகள் கடைசிப் பக்கத்தில் இருந்தன. தங்கராஜுவின் கண்ணும் அங்கேயேதான் இருந்தது. தன்னைத் தானே நம்ப முடியாமல் அந்தப் பக்கத்தைக் கிழித்து, திருத்தித் தரச்சொல்லி லீலாவதி மூலம் காளியண்ணனுக்கே அனுப்பிவிட்டான். மாமனாரிடம் நல்ல பெயரும் கிடைக்குமே! அவர் பத்தாங் காலி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வெட்டுக்காரர்களை மேற்பார்க்கும் மண்டோர். பால்மரத்துப் பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழமாக விழுந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற மனிதர். மலாய் வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஏ, பி, சி, டி-யை ஒத்துப் பார்க்கத் தெரியாதா?

“தப்பானத திருப்பிப் பாரு. ஏன் தப்புன்னு எழுதி வெய்யி. அதான் படிப்பு” என்று ஆபீஸ் நண்பன் பாலகிருஷ்ணன் சொல்லியிருந்தான். தங்கராஜு டிக் விழாத கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தான்.

“‘காகி ஆயாம்’னா வெறுங்காலுன்னு போட்டிருக்கேன். டிக் இல்ல.”

“வெறுங்கால்தானேண்ணே? கம்பத்துல மலாய்க்காரங்க எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க?”

“அங்கதான் மாட்டிக்கிறோம்! பேச்சு வேற, பரீட்சை வேறலா. ஆயாம்னா கோழி, காகின்னா காலு. கோழிக்கால்! அவன் நேராத்தான் கேட்டிருக்கான், நான்தான் சுத்தி வளைச்சுட்டேன்.”

காரணத்தையும் பக்கத்திலேயே எழுதினான். படித்துப் பார்த்தபோது அவனுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

டிக் விழுந்த விடைகளைத் தொடாமல், விழாதவற்றில் பாதியை மாற்றி அதே தாளை மறுபடி அனுப்பினான். டிக் இருபத்தாறானது.

“மாமா என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலண்ணே. மூஞ்சிதான் ஒரு மாதிரி இருந்துச்சு.”

“பாசத்த வெளிய காட்டமாட்டாரு.”

மீதியையும் மாற்றி அனுப்பினான். நாற்பதுக்கு நாற்பது!

“பேப்பரப் பாத்துட்டு ரொம்ப நேரம் நெத்தியில கைய வெச்சிட்டு உக்காந்திருந்தாரு” என்றாள் லீலாவதி.

“மலைச்சுப் போயிட்டாரு” என்றான் தங்கராஜு பூரிப்போடு. கல்யாணச் சட்டையைத் தைக்கக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தான்.

இத்தனை உழைப்பில் அவனுக்கு ஒரு சூத்திரமும் கிடைத்திருந்தது. முதலில் சரியென்று தோன்றுவது எதுவோ, அது தப்பு. பரீட்சை மண்டபத்தில் அதை இம்மியளவும் மீறவில்லை. நன்றாகத் தெரிந்த விடைகளையெல்லாம் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ஒதுக்கினான். முதல் ஆளாக எழுந்து வெளியே வந்தான்.

வீட்டில் காளியண்ணன் காத்திருந்தார். கையில் அந்த விடைத்தாள்.

“வாங்க மாமா! தேதி குறிச்சிரலாமா?”

“பரீட்சைக்கு முன்ன சொல்லி மனச ஒடிக்க வேணாம்னுதான் இத்தன நாளா வாயத் தொறக்கல, தம்பி” என்றார் அவர். “கடைசியில ஒண்ணு விடாம டிக் போட வெச்சுட்டியே!”

“ஆமா மாமா, நாப்பதும்!”

காளியண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“காயம் பட்ட மரத்துலதான தம்பி மண்டோரு டிக் போடுவான்? நல்ல மரத்துக்கு எதுக்கு டிக்கு?”