நுரை இல்லாத கால்வாய்

ஆம்பூர்,
வியாழக்கிழமை.

சிரஞ்சீவி வசந்துக்கு மாமாவின் ஆசிகள். இங்கே அனைவரும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இம்முறை உன் அத்தையின் கைகளைத் தவிர மற்றதெல்லாம் நலம். கிணற்றுத் தண்ணீரில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அவளுக்கு உள்ளங்கைத் தோல் உரிகிறது.

பொங்கலுக்கு வந்தபோது நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும், தோல் பதனிடும் டேனரியின் கழிவுக் கால்வாயைப் படம் எடுத்தாயே, அதற்குப் பத்திரிகைப் போட்டியில் முதல் பரிசு கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். பத்திரிகையில் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் என்று உன் அத்தையிடம் கேட்டேன். நம் கொல்லைப்புறம் என்றாள், துணி காயப்போடும் கொடியை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள். தண்ணீர் நீலமாக இருந்தது, புகை பனிமூட்டமாகியிருந்தது, நுரை ஒரு சொட்டுகூட இல்லை. கொஞ்சம் திருத்துவது தப்பில்லை, வசந்த். உதாரணம் சொல்கிறேன். பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்தவன்தான் நானும். ஆனால் படிக்காத பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியதில்லை. நீ நுரையை வீட்டுக்கு அனுப்பிவிட்டாய்.

அது எங்கே வந்து நின்றது கேள். கிணற்றைச் சோதியுங்கள், தெருவுக்கு லாரித் தண்ணீராவது கொடுங்கள் என்று நகராட்சியில் மனு கொடுத்திருந்தேன். சாட்சிக்குத் துவைக்கும் கல்லருகே நின்று கால்வாயை என் போனில் படம் பிடித்து, ஒரு புள்ளிகூட மாற்றாமல் கொண்டுபோனேன். தண்ணீர் ரத்தச் சிவப்பு. அதிகாரி பார்த்துவிட்டு, இவ்வளவு சிவப்பு எங்கேயும் கிடையாது, கம்ப்யூட்டரில் கலர் ஏற்றியிருக்கிறீர்கள் என்று சொல்லி, மேஜை இழுப்பறையிலிருந்து உன் பரிசுப் படத்தை எடுத்துக் காட்டி, உண்மையான கால்வாய் இதுதான் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே அதே கல்லருகே நின்று இன்னொரு படம் எடுத்துப் போனேன். அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் கருப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“சார், கல்லு ஒண்ணு, எடம் ஒண்ணு. நேத்து செவப்பு, இன்னிக்கு கருப்பு. ரெண்டுல எத எடிட் பண்ணீங்க, அதயாவது சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து, டேனரியில் சாயம் போடும் பக்கத்து வீட்டு வாஹித் பாஷாவிடம் புலம்பினேன். அவர் சிரிக்காமல் விளக்கினார்.

“லேடீஸ் ஷூ ஆர்டர் முடிஞ்சிருச்சு சார். இப்ப ஸ்கூல் ஷூ. கருப்பு ஜாஸ்தி ஓடும்.”

கருப்பு ஷூ போடாமல் வந்த பிள்ளைகளை முப்பத்தெட்டு வருஷம் வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான். 

செவ்வாய்க்கிழமை என் மனுமீது விசாரணை. நீ கை வைக்காத அசல் படம் உன் கேமராவில் இருக்கும், அதை உடனே அனுப்பு. பரிசு வாங்கியவன் நீ, நீ சொன்னால்தான் நம்புவார்கள். பரிசைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடு. உன் அத்தையின் கைகளைவிட அது பெரிதில்லை.

உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். நீண்ட ஆயுளோடும் நல்ல தண்ணீரோடும் நீ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமா கோதண்டராமன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் அரக்கோணத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். இந்த வீட்டை விற்றுத் தரும்படி தரகரிடம் சொல்லி மூன்று வருஷமாகிறது, கேட்ட முதல் ஆள் இவர்தான். தரகர் வேதாசலம் அவருக்கு உன் பரிசுப் படத்தை அனுப்பியிருக்கிறார். “கொல்லைல ஓடுறது இதானா சார்?” என்று கேட்டார். படம் எங்கள் மருமகன் எடுத்தது என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்றேன். அன்று டேனரி லீவு. ஆகையால் அசல் படத்தை யாருக்கும் அனுப்பாதே, முடிந்தால் அழித்துவிடு. அவருக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேராம். அதை நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.