ஏற்றுமதிக்கு ஏற்ற ஊர்

"முறுக்கு மெஷின் சுத்த மாட்டேங்குது. மாவு உள்ளேயே இறுகிப் போச்சு. கொஞ்ச நேரம் அவர எங்கயாச்சும் சுத்திக் காட்டுங்களேன்," என்றாள் மனைவி திலகவதி போனில்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த பரமேஸ்வரன் போனைச் சட்டென்று அணைத்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் காந்தன். கனடாவில் இருக்கும் தமிழ்க் கடைகளுக்கெல்லாம் பலகாரம் அனுப்பும் மொத்த வியாபாரி. அவரை மலாக்காவின் பாச்சாங் பகுதி ஓட்டலிலிருந்து ஏற்றிக்கொண்டு, நேராகப் பத்து பெரண்டாம் என்ற வட்டாரத்திலுள்ள தன் முறுக்குக் கம்பெனிக்குப் போய், சுடச்சுட ஒரு முறுக்கைக் கையில் கொடுத்து ஆர்டரை வாங்கிவிடுவது என்பதுதான் திட்டம். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு யாரிடமாவது சம்பளத்துக்குப் போய்விடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

கைவசம் ஒரு முறுக்குகூட இல்லை. விருந்தாளிக்கு ஆறிப்போனதைக் கொடுப்பது மரியாதையாகாது என்று, இருந்த பாக்கெட்டையெல்லாம் நேற்றே ஜாசின் ஊர்ச் சந்தைக்கு அனுப்பிவைத்த புத்திசாலி அவன்.

"சார், கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி எங்க ஊர ஒரு ரவுண்டு பாத்துரலாம்," என்று கடற்கரைப் பக்கம் காரைத் திருப்பினான். காந்தன் தலையாட்டினார். அதிகம் பேசாத மனிதர்.

கடலோரத்தில் இறங்கியபின் எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. போன மாதம் யாரோ நடத்திய ஏற்றுமதி விளக்கக் கூட்டத்துக்கு அவன் போயிருந்தான். போனது அங்கே கொடுத்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்காக. பாதிக் கூட்டம் தூக்கத்தில் கழிந்தது. ஆனால் காதில் விழுந்ததெல்லாம் எங்கேயோ தங்கியிருந்திருக்க வேண்டும், இப்போது வாய்க்கு வந்தது. அந்தக் காலத்திலேயே அரபு தேசமும் சீனாவும் இந்தக் கரைக்கு வந்துதான் சரக்கு மாற்றிக்கொண்டன என்றான். இன்றைக்கும் உலகத்துக் கப்பல் சரக்கில் ஏறக்குறைய கால்பங்கு இந்த வழியாகத்தான் போகிறது என்றான். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தால், தூரத்தில் கப்பலுக்குப் பின்னால் கப்பல், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து இதே கடலைப் பார்த்தவன் வாயைப் பிளந்தான். மலாக்காவை உண்டாக்கிய ராஜாவின் பெயர்தான் தனக்கும் என்பது அன்றுதான் அவனுக்கு உறைத்தது.

போன் அடித்தது. மாவை இளக்கத் திலகவதி தண்ணீர் ஊற்றியிருந்தாள். கொஞ்சம் கூடிப்போய், முறுக்கு எண்ணெயைக் குடித்துச் சொதசொதவென்று கிடக்கிறதாம்.

கார் ஆயர் குரோ நெடுஞ்சாலைக்குப் போனது. மேம்பாலத்தின் மேல் விருந்தாளியை நிறுத்தி, கீழே ஓடும் லாரிகளைக் காட்டினான்.

"வடக்க போனா கிள்ளான் துறைமுகம். தெக்க போனா ஜொகூர் துறைமுகம். நாம நடுவுல, சார். ஒரு கப்பல விட்டா இன்னொரு கப்பலப் புடிச்சிரலாம்."

லாரிகள் ஓயவில்லை. இவ்வளவு சரக்கையும் யார் செய்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று நினைக்க நினைக்கப் பரமேஸ்வரனுக்குப் பிரமிப்பாக இருந்தது. காந்தனும் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

மறுபடியும் போன். ஈர மாவைச் சரிக்கட்ட அடுப்புத் தீயைக் கூட்டியதில் எண்ணெய் கருகிவிட்டது. புது எண்ணெய் வாங்க ஆள் அனுப்பியிருக்கிறாளாம்.

மூன்றாவதாகத் தடையற்ற வர்த்தக வட்டாரத்துக்கு வண்டி போனது. ஷிஃப்ட் முடியும் நேரம். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று ஆட்கள் வாசல் கொள்ளாமல் வெளியே வந்தார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் பொருளென்றால், அதற்கு இறக்குமதி செய்யும் சாமானுக்கு இங்கே வரி கிடையாது என்றான். எண்ணெய் வேண்டுமா, ஜாசின் பக்கம் கண்ணுக்கெட்டியவரை செம்பனைதான் என்றான். முறுக்கு சுற்றத் தன்னிடம் வேலை செய்யும் இருளாண்டி அண்ணனைப் போல் கைப்பக்குவம் உலகத்தில் எவனுக்கும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டா கம்பெனியை மூட நினைத்தோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

காந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, நான் கனக்க நாடு பாத்திட்டன். இப்பிடி ஒரு இடம் காணேல்லை."

ஒருவழியாகக் கம்பெனிக்கு வந்தபோது, இருளாண்டி மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையாலேயே சுற்றிப் பொரித்துக்கொண்டிருந்தார். பொன்னிறமாக முறுக்கு எழும்பியது. காந்தன் ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு பரமேஸ்வரனின் கையை இறுக்கிப் பிடித்து, "நான் முடிவெடுத்திட்டன் தம்பி," என்று சொல்லிவிட்டு, போனில் பேச வெளியே போனார்.

திலகவதி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விருந்தாளிக்குப் பாயாசம் வைக்கலாமா என்று கேட்டாள். பரமேஸ்வரன் அட்டைப்பெட்டிக்காரனுக்குப் போன் போட்டு, பெட்டி நிறைய வேண்டியிருக்கும், தயாராக இருக்கச் சொன்னான். முழுக் கண்டெய்னர் கேட்பாரோ, பாதிக் கண்டெய்னர்தான் கேட்பாரோ என்று இருவரும் சந்தோஷமாக வாக்குவாதம் செய்தார்கள்.

வெளியே தேநீர் கொடுக்கப் போன இருளாண்டி, வெறும் தட்டோடு திரும்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"என்னண்ணே, எவ்ளோ வேணுமாம்?"

"ஒரு பாக்கெட்டும் வேணாமாம், பாஸ். நீங்க சொன்னதக் கேட்டு இங்கயே சொந்தமா முறுக்கு ஃபேக்டரி போடப் போறாராம். என்னை அடுத்த மாசமே அங்க வேலைக்கு வரச் சொல்லிட்டாரு, வர்றவங்களுக்கு ஊரப் பத்தி எடுத்துச் சொல்ற வேலைக்குச் சேர உங்களுக்கும் சம்மதமான்னு கேட்டு வரச் சொன்னாரு."